உறைந்த ஏரியின் மேல் நடக்கலாமா?

கேள்வி: பிப்ரவரியில் லடாக் செல்கிறோம். உறைந்த பாங்காங் ஏரியின் மீது நடக்கலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிவதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நன்னீர் ஏரியில், தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான அளவுகோல். உங்கள் துறைமுகத்தில் மீனுக்கு வரும் ஐஸ் கட்டியின் நடுப்பகுதி, காற்றுக் குமிழ்கள் சிக்கியதால் வெளுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏரியிலும் அவ்வாறு வெளுத்திருக்கும் கட்டிக்கு ஏறத்தாழப் பாதி வலிமையே உண்டு என்பதால், அதற்கு இருமடங்கு தடிமன் வேண்டும். பாங்காங்கோ உப்புநீர் ஏரி. உப்பு கலந்த பனிக்கட்டி மேலும் வலுக்குறைந்தது என்பதால், இந்த அளவுகளை அங்கே அப்படியே பொருத்தக் கூடாது. ஓடை வந்து கலக்கும் இடங்களையும், பனி மூடிய பகுதிகளையும் தவிர்த்து, வழியெங்கும் துளையிட்டுத் தடிமனை அளந்து பார்க்கும் உள்ளூர் வழிகாட்டி உடன் வந்தால் மட்டுமே இறங்குங்கள்.