சித்திரைக்கு வெட்டிவேர், மார்கழிக்கு ஏலம்: டிஃப்யூசர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி, தண்ணீரில் விட்ட மண எண்ணெயைப் பொடிப் புகையாக அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவியின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் கலவை அட்டவணையைப் பற்றியவை. அந்த அட்டவணை பனி கொட்டும் ஊர்களுக்காக எழுதப்பட்டது. டிசம்பருக்குப் பைனும் பட்டையும், மார்ச்சுக்குப் பூ மணமும் என்று போகும். நமக்கோ மார்ச்சிலேயே கரூரில் தார்ச்சாலை இளக ஆரம்பித்துவிடும். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். ஐப்பசியில்தான் மழை. ஆகவே அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, நம் மாதங்களை வைத்தே பேசலாம்.

எந்த மாதத்துக்கு எந்த எண்ணெயைக் கலப்பது? எத்தனை துளி? (பீளமேடு வாசகி)

முதலில் அளவு. 100 மில்லி தண்ணீருக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மூன்று முதல் ஐந்து துளி. அதற்கு மேல் வேண்டாம். அரை மணி நேரம் ஓடட்டும், பிறகு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓடினால் மூக்கு பழகிப்போகும். மணமே இல்லை என்று நினைத்து இன்னும் நாலு துளி விடுவோம், கடைசியில் தலைவலிதான் மிஞ்சும். எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

சித்திரை, வைகாசிக்கு: வெட்டிவேர் ஒரு துளி, எலுமிச்சை இரண்டு, பெப்பர்மின்ட் ஒன்று. நான் சிறுவயதில் இருந்த வீட்டில் மேற்குச் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுவார்கள். மதியம் ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் வீசித் தெளித்தால், கொஞ்ச நேரத்தில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததுபோல் ஒரு மணம் கிளம்பும். அந்த மணத்தின் சாரம்தான் இந்த எண்ணெய். குப்பியைச் சாய்த்தால் உடனே விழாது. தேன்போல விளிம்பில் திரண்டு நிற்கும். குப்பியை உள்ளங்கைக்குள் இரண்டு நிமிடம் பொத்தி வைத்திருந்து பிறகு சாயுங்கள், துளி தானாகப் பிரியும். ஒன்று சொல்லிவிட வேண்டும்: பெப்பர்மின்ட் அறையைக் குளிர்விப்பதில்லை. அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். வெப்பமானி அதே எண்ணைத்தான் காட்டும். ஆனால் கரூர், ஈரோடு மதியங்களில் அந்த உணர்வே பெரிய ஆறுதல்.

ஆனி, ஆடியில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, வீட்டுக்குள் விட்ட மணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காகத் துளியைக் கூட்டாதீர்கள். டிஃப்யூசரைச் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே வைக்காமல், காற்றோட்டத்துக்கு விலகிய மூலையில் வையுங்கள். கலவையில் கடைசிவரை நிற்கும் அடிமணம் கனமாக இருக்கட்டும்: ஆரஞ்சு இரண்டு, எலுமிச்சைப் புல் ஒன்று, பச்சோலி என்னும் இலை எண்ணெய் ஒன்று. ஆரஞ்சு முதலில் பறந்துவிடும், பச்சோலி அறையிலேயே தங்கும். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் அதே மாதங்களில் சாரல். ஏற்கெனவே ஈரமான அறைக்குள் மேலும் நீர்ப்புகையை விடுவதால் சுவர்தான் ஊறும். அங்கே இருபது நிமிடம் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாத நமுத்த வாடை. எலுமிச்சைப் புல் இரண்டு, நீலகிரித் தைலம் ஒன்று. இது வாடையை மறைக்கும். சுவரில் பூத்த பூஞ்சையைப் போக்காது. அதற்குச் சன்னலைத் திறக்க வேண்டும், கசிவை அடைக்க வேண்டும்.

மார்கழியில் கதவு சாத்தியே இருக்கும். அதனால் துளியும் குறைய வேண்டும்: ஆரஞ்சு ஒன்று, ஏலம் ஒன்று, வெட்டிவேர் ஒன்று. பட்டையும் கிராம்பும் சிலருக்குத் தொண்டையையும் கண்ணையும் அரிக்கும், நான் அவற்றை டிஃப்யூசரில் விடுவதில்லை. போகியன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோமே, அந்த நாட்களில் என் வீட்டில் டிஃப்யூசர் ஓடாது. அந்தப் பச்சை வாடைக்கும் புது வெல்லத்தின் மணத்துக்கும் மேல் இன்னொரு மணம் ஏற எனக்கு மனம் வருவதில்லை.

வாங்கி இரண்டே மாதம். விளக்கு எரிகிறது, புகை மட்டும் வரவில்லை. மோட்டார் போய்விட்டதா? (அவிநாசி வாசகர்)

இதில் மோட்டார் வேலை சிறியது. தொட்டியின் அடியில் நாணயம் அளவில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது பாருங்கள், அது விநாடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்துதான் தண்ணீரைப் பொடிப் புகையாக உடைக்கிறது. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது உங்கள் வீட்டுக் குழாய் முனையைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளை உப்புப் படிவம் அந்தத் தகட்டின்மேலும் ஏறியிருக்கிறது. விரல் நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். மேலே பாரம் ஏறிய தகடு அதிர்வதில்லை.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியைக் காலி செய்யுங்கள். தகடு மூழ்கும் அளவு எலுமிச்சைச் சாறோ வெள்ளை வினிகரோ விட்டுப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். உப்பு இளகியதும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்ல வட்டமாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஊசி, கத்தி, பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் படக் கூடாது. தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அது கெடும். சாறு உள்ளே இருக்கும்போது ஓட்டவும் கூடாது. தண்ணீரைக் கொட்டும்போது காற்று வெளிவரும் துளைப்பக்கமாகச் சாய்க்காதீர்கள். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் நீங்கள் பயந்த மோட்டார் நிஜமாகவே போய்விடும்.

இனி ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. எந்தத் தண்ணீரானாலும் நேற்றையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் வளர்வதெல்லாம் அந்தப் புகையோடு நம் நெஞ்சுக்குள் போகும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஒரு சொட்டுகூட இதில் விடக் கூடாது.

ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சளி. நீலகிரித் தைலமும் பச்சைக் கற்பூரமும் டிஃப்யூசரில் போடலாமா? (கோபிசெட்டிபாளையம், ஒரு பாட்டி)

வேண்டாம் அம்மா. நம் வீடுகளில் காலங்காலமாக நெஞ்சில் தடவி வந்தது என்பதால் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நீலகிரித் தைலத்திலுள்ள சினியோல் என்னும் வேதிப்பொருளும், கற்பூரமும் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக் கூடியவை. பெப்பர்மின்டின் மென்தால் கைக்குழந்தைகளின் மூச்சுப்பாதையை இறுக்கக் கூடும். தடவுவதும் வேண்டாம், மூக்கருகே காட்டுவதும் வேண்டாம். குப்பியைக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் பூட்டியே வையுங்கள். ஓரிரு மிடறு உள்ளே போனாலே ஆபத்து. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேரனின் சளிக்குக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பெரியவர்களிலும் வலிப்பு நோய் உள்ளவர்கள் நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் தவிர்க்க வேண்டும். வீசிங் உள்ளவர்களுக்கு எந்த மணமும் மூச்சை இறுக்கலாம். பஞ்சாலையில் வேலை பார்த்து இழுப்பு வந்தவர் இருக்கும் வீட்டில், டிஃப்யூசரே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லித் தோட்டம். விலை சரியும் நாட்களில் பூவைக் குக்கரில் வைத்து எண்ணெய் எடுக்க முடியுமா? (சத்தியமங்கலம் வாசகர்)

விலை விழுந்த நாளில் பறிகூலிகூடத் தேறாமல் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் மல்லியில் குக்கர் வழி செல்லாது. ஆவியின் சூட்டில் அதன் மணம் சிதைந்துவிடும், வெந்த கீரை வாடைதான் வரும். தொழிற்சாலைகளில் ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து மணத்தை இழுத்து, மெழுகுபோல் திரட்டி, பிறகு ஆல்கஹாலில் பிரித்தெடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஓரிரு கிலோதான் தேறும். ஹெக்சேன் பெட்ரோலைப்போல் பற்றிக்கொள்ளும். வீட்டில் கையாளும் பொருள் அல்ல. குக்கரில் இலை தழைகளைத் திணிப்பதும் ஆபத்து, வெயிட் போடும் துளை அடைத்தால் வெடிக்கும்.

வரப்போரம் எலுமிச்சைப் புல் நட்டுப் பாருங்கள். அது ஆவியில் நன்றாக இறங்கும். முறையான வடிகலனில் 10 கிலோ பசும்புல்லுக்கு 20 முதல் 50 மில்லி கிடைக்கும். மல்லியின் மணம் வீட்டுக்கு வேண்டுமானால் கூடத்தில் ஓர் உருளித் தண்ணீரில் மாலை ஆறு மணிக்கு மொட்டுகளை மிதக்கவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் அவை ஒவ்வொன்றாக விரியும்போது வரும் மணத்தை எந்தக் குப்பியிலும் நான் கண்டதில்லை.

கொசுவுக்கு எந்தக் கலவை? (திருப்பூர் வாசகி)

சிட்ரோனெல்லா என்னும் புல் எண்ணெயும் எலுமிச்சைப் புல்லும் கொசுவைக் கொஞ்சம் விலக்கும். காற்றடித்தால் அதுவும் இல்லை. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கிறது, நம் வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் காயவைப்பதும் வலையும்தான் காக்கும்.

சுற்றுலாப் போன இடத்தில் 10 மில்லி சந்தன எண்ணெய் 200 ரூபாய்க்கு வாங்கினேன். அசல்தானா? (ஈரோடு வாசகர்)

இல்லை. நல்ல சந்தன எண்ணெய் மொத்த விலையிலேயே கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும். 10 மில்லிக்கு வகுத்துப் பாருங்கள், ஆயிரத்துக்குக் கீழே வராது. நானும் ஒருமுறை மலையூர்க் கடை ஒன்றில் இப்படி ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டேன். மறுநாள் மணம் சுத்தமாகப் போயிருந்தது, தாளில் எண்ணெய்க் கறை மட்டும் வடைச் சட்டி ஒற்றிய காகிதம்போல் மினுங்கிக்கொண்டிருந்தது. அசல் சந்தனம் நேர்மாறாக நடக்கும். முதலில் மணம் மந்தமாக இருக்கும், மறுநாளும் அதே தாளில் நிற்கும். எலுமிச்சை, நீலகிரித் தைலம் போன்றவை கறையே வைக்காமல் பறந்துவிட வேண்டும்.

தாள் சோதனை சமையல் எண்ணெய்க் கலப்படத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். செயற்கை மணத்தைக் காட்டாது. அதனால் லேபிளைப் படியுங்கள். தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எந்த நாடு, தயாரிப்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். ‘சாண்டல் வாசனை’ என்று மட்டும் போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலத்தை டிஃப்யூசரில் விடலாமா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

கூடாது. அது ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் இனத்து வேதிப்பொருள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால், இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். மூட்டுவலிக்கு வேறு எண்ணெயில் கலந்து தடவுவதோடு சரி. அதையும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடக் கூடாது.

வீட்டில் பூனை இருக்கிறது. (நாமக்கல் வாசகி)

பூனையின் கல்லீரல் இந்த எண்ணெய்களை நம்முடையதுபோல் உடைத்து வெளியேற்றாது. டீ ட்ரீ, எலுமிச்சை, ஆரஞ்சு, நீலகிரித் தைலம், பெப்பர்மின்ட் எல்லாமே அதற்குக் கெடுதல். புகைத் துளி ரோமத்தில் படிந்து, நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். பூனை நடமாடும் அறையில் ஓட்டாதீர்கள். கூண்டுப் பறவை இருந்தால் வீட்டில் எங்குமே வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் துளி எண்ண நேரமில்லை. மொத்தமாகக் கலந்து வைக்கலாமா? (தாராபுரம் வாசகர்)

தாராளமாக. 20 துளி ஏறத்தாழ ஒரு மில்லி. சித்திரைக் கலவைக்கு எலுமிச்சை 50 துளி, பெப்பர்மின்ட் 25, வெட்டிவேர் 25 என்று விட்டால் ஐந்து மில்லி வரும். வெட்டிவேரை முதலில் விடுங்கள், மற்றவை அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்கி, ஒரு வாரம் இருட்டில் வையுங்கள். முதல் நாள் மூன்றும் தனித்தனியாக நிற்கும். ஏழாம் நாள் திறந்தால் ஒன்றாகியிருக்கும்.

குப்பி கண்ணாடியாக, பழுப்பு நிறத்தில் இருக்கட்டும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் மலிவான பிளாஸ்டிக்கை அரித்துவிடும். அடுப்பங்கரையிலும் சாமி விளக்கருகிலும் வைக்காதீர்கள், இவை தீப்பிடிக்கும் பொருள்கள். எலுமிச்சை சேர்ந்த கலவையை ஃபிரிட்ஜில் வைத்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். பழையதானால் பெயின்ட் வாடை அடிக்கும். வெட்டிவேரும் சந்தனமும் தனியாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும், மணமும் முதிரும். குப்பியில் கலந்த தேதியை ஒட்டுங்கள், கூடவே எந்த மாதத்துக்கான கலவை என்பதையும்.