காதல் நாவல் எழுதியும் எடிட் செய்தும் கொங்கு நாட்டில் வாழ முடியுமா?

கோவை, ஈரோடு பக்கம் இருந்துகொண்டு காதல் நாவல் எழுதுபவரின் வாழ்க்கை எப்படி இருக்கும், அதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோபிசெட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். மற்றவர்களின் நாவல்களுக்கு எடிட்டராகவும் இருக்கிறேன். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் வீட்டுச் செலவைத் தாங்குவது எடிட்டர் வேலைதான்.

பண விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அச்சுப் புத்தகத்துக்கு வழக்கமான ராயல்டி விலையில் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்று விற்றால் கைக்கு 20 ரூபாய். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆர்டர் கிடைத்த வருடம் கொஞ்சம் மூச்சு விடலாம். மாத நாவல் இதழ்கள் ஒரே தொகையாகக் கொடுத்து முடித்துவிடும். அமேசானின் சந்தா மின்னூல் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் புரட்டிய பக்கத்துக்கு ஏற்பக் காசு. நம் காதல் நாவல்கள் சில தேவைக்கு மேல் இழுபடுவதற்கு இந்தப் பக்கக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எடிட்டிங் அப்படியில்லை. வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முன்பணமாக வாங்கிவிட்டுத்தான் ஃபைலைத் திறப்பேன்.

இந்த வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் ராணி முத்து, மாலைமதி என்ற நாவல் இதழ்கள் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வரும். ரமணிசந்திரன் நாவல் ஒன்று வந்தால் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று கைமாறி, அட்டை கிழிந்துதான் என்னிடம் வரும். ராஜேஷ்குமார் கோவையில் உட்கார்ந்துகொண்டே ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதியவர். அவர் எழுதியது க்ரைம்தான் என்றாலும், எழுதுவதற்குச் சென்னைக்குக் குடிபோக வேண்டியதில்லை என்ற தைரியம் எனக்கு அவரால்தான் வந்தது. பி.காம். முடித்து ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே இணையத்தில் தொடர்கதை போட்டேன். அது புத்தகமானது. அந்தப் பதிப்பகத்தார் என் பிழை திருத்தத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருவர் நாவலையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் அது நிற்கவே இல்லை.

எடிட்டர் என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. தினம் ஓர் அத்தியாயம் என்று எழுதப்பட்ட கதையில் ஐந்தாம் அத்தியாயத்துச் செல்வி முப்பதாம் அத்தியாயத்தில் செண்பகம் ஆகியிருப்பாள். கல்யாண முகூர்த்தம் ஆடி மாதத்தில் விழுந்திருக்கும். அதற்காக ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு காலண்டர் போட்டு வைத்துக்கொள்வேன். ஆனால் நான் உண்மையில் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். இந்த இரண்டு பேர் ஏன் சேர முடியவில்லை? அதற்கான பதில் அவர்கள் வாழும் ஊரிலேயே, அவர்கள் செய்யும் வேலையிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத நாவலை எவ்வளவு அழகாக எழுதினாலும் காப்பாற்ற முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், எழுதியவரின் அனுமதியோடு. நாயகி திருப்பூர் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருக்கிறாள். நாயகன் முதலாளியின் மகன். மழையில் நனைந்து நிற்பவளைக் காரில் இருந்து பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான். எழுதியவருக்கு மொழி நன்றாக வரும். ஆனால் பத்து அத்தியாயம் போயும் அந்தப் பெண்ணின் கை ஒரு துணியைத் தொடவில்லை. நான் கேள்விகளாக எழுதி அனுப்பினேன். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வருபவளுக்கு மழையை ரசிக்கத் தோன்றுமா, ரூமுக்குப் போய்க் காலை நீட்டத் தோன்றுமா? சனிக்கிழமை சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்புவாள்? அவன் அவளை முதலில் பார்ப்பதே சம்பளம் போடும் நேரமாக இருந்தால் என்ன?

அவர் மாற்றி எழுதினார். சம்பளக் கவரில் அரை ஷிப்ட் குறைகிறது. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு நகர, இவள் மட்டும் மேஜை முன்னால் நின்று கணக்குக் கேட்கிறாள். அன்றைக்குக் கணக்குப் பார்க்க உட்கார்ந்திருப்பவன் அவன். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நீங்க சொல்றது சரிதானுங்க" என்று சொல்லி மீதியை எண்ணி வைக்கிறான். வரிசையில் நிற்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். காதலுக்கு அதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா? அவள் பணத்துக்காக அவனிடம் விழுந்தாள் என்று ஊர் பேசப்போவதற்கும் அதே மேஜையில் விதை விழுந்துவிட்டது.

இன்னொரு நாவலில் கல்யாணக் காட்சி எந்த ஊர் மண்டபத்திலும் நடக்கக்கூடியதாக இருந்தது. கதையோ பெருந்துறைப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கதை. அங்கே மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் வந்து இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய வேண்டும். காட்டில், அதாவது விவசாய நிலத்தில், பங்கு கேட்டு அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் தங்கை அவள். முந்தின நாள் ராத்திரி வரை வருவாளா மாட்டாளா என்று வீடே தவிக்கும் அல்லவா? இதைச் சொன்னதும் எழுதியவர் மூன்று அத்தியாயங்களைப் புதிதாக எழுதினார். 1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நிலப் பங்கைச் சுற்றி நடக்கும் கதைதான். எங்கள் பக்கத்தில் பாசமும் பகையும் வரப்பு ஓரமாகவேதான் நடக்கும்.

அப்புறம் சாதி. காதல் நாவல்களில் பெரும்பாலும் நாயகனுக்கும் நாயகிக்கும் சாதியே இருக்காது. ஸ்டேட்டஸ், ஈகோ, பழைய குடும்பப் பகை என்று வேறு ஏதாவது தடையாக வரும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். இங்கே உட்கார்ந்து காதலைப் பற்றி எழுதுகிறவள் அது நடக்காத மாதிரி எழுத முடியாது என்று நம்புகிறேன். எல்லா நாவலும் ரத்தத்தில் முடிய வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் நன்றாக வாழ்வதாக முடியும் கதையைத்தான் நானும் எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதைத் தாண்டி வந்தார்கள் என்பது கதையில் இருக்க வேண்டும்.

ஒரு வகைக் கதையை மட்டும் நான் எடிட் செய்ய எடுப்பதில்லை. ஆன்ட்டி ஹீரோ என்ற பெயரில் பெண்ணைக் கடத்துவது, கட்டாயத் தாலி, அடி, அதற்கும் மேலே. பிறகு அவனுக்குச் சின்ன வயதில் ஏதோ வலி என்று சொல்லி அவளையே மன்னிக்க வைப்பது. நல்ல காசு வரும், வாசகர் கூட்டமும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகளும் செல்போனில் இதைப் படிக்கிறார்கள். அடிப்பவன் அன்பாகத்தான் அடிக்கிறான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வரியிலும் என் கை படக் கூடாது.

தினசரி வாழ்க்கை சாதாரணம்தான். விடிகாலையில் என் நாவல், பத்து மணிக்கு மேல் பிறர் நாவல். இரண்டையும் கலந்தால் அவர்களின் நடை என் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். புனைபெயரில்தான் எழுதுகிறேன், இந்தத் துறையில் பாதிப் பெண்கள் அப்படித்தான். உறவுக்காரர்கள் "லவ்வு கதை எழுதறவ" என்று சொல்வதை நிறுத்தப்போவதில்லை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் யாராவது வந்து, "ஏனுங்க அம்மிணி, அடுத்த பாகம் எப்பங்க வரும்?" என்று கேட்டால் போதும், அந்த வருடத்துக்கு எனக்குத் தெம்பு வந்துவிடும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், நாவலை முழுதாக முடித்துவிட்டு எடிட்டரிடம் கொடுங்கள். பாதிக் கதைக்கு யாராலும் நல்ல யோசனை சொல்ல முடியாது. சம்பளம் வரும் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். பதிப்பக ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல் மூன்றும் யார் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அச்சு உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் நானே வைத்துக்கொள்கிறேன்.