முதல் வயலின் வாங்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

டீச்சர், கையில் 8,000 ரூபாய்தான் இருக்கிறது. எந்த கம்பெனி வாங்கலாம்?

கம்பெனி அப்புறம். முதலில், மொத்தப் பணத்தையும் வயலினிலேயே போட்டுவிடாதீர்கள். 6,000க்குள் வயலின், மீதி 2,000 குதிரையையும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) பிருடையையும் (தந்தியை முறுக்கும் திருகு) சரிசெய்யவும் நல்ல தந்தி மாற்றவும். இந்த விலை வயலின்கள் பெரும்பாலும் பாதி வேலை முடிந்த நிலையில்தான் வருகின்றன. குதிரை உயரமாக இருக்கும். தந்தியை அழுத்தப் பிள்ளையின் சுண்டு விரலுக்குப் பலம் போதாது, ஸ்வரம் விலகும்.

போன வருஷம் ஒரு பையனின் நிஷாதம் (நி ஸ்வரம்) எப்போதும் இறங்கியே கேட்டது. காது சரியில்லை என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். வயலினை வாங்கிப் பார்த்தேன், தந்திக்கும் அதன் கீழே உள்ள விரல் பலகைக்கும் நடுவே என் விரலே நுழைந்தது. ரிப்பேர்காரர் குதிரையை இழைத்து இறக்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே ஆரம்பப் பாடமான சரளி வரிசை சுத்தமாக வந்தது. அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடையில் ஒவ்வொரு பிருடையையும் திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அப்புறம் ஈரத்துணியால் விரல் பலகையைத் துடையுங்கள். துணி கறுத்தால் அது சாயம் பூசிய மரம். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) வழுக்கிக்கொண்டு வர விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு வாசிக்கிறவர்கள் நாம். அந்தச் சாயம் சீக்கிரமே விரலுக்கு வந்துவிடும். கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு வாங்க முடிந்தால் ஸ்டென்டார் கம்பெனியின் ஸ்டூடன்ட் 2 மாடல் பாருங்கள், அதில் பலகை கருங்காலி. தந்திக்கு டி'அடாரியோ பிரெலூட் போதும்.

மகளுக்கு 8 வயது. எப்படியும் வளரப் போகிறாள், இப்போதே முழு அளவு வாங்கட்டுமா மேடம்?

வேண்டாம்மா. வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியபடியே உள்ளங்கைக்குள் வயலினின் தலைச்சுருள் அடங்க வேண்டும். 8 வயதுக்குப் பெரும்பாலும் அரை அளவு சரியாக இருக்கும். "நாம் உட்கார்ந்து காலில் தாங்கித்தானே வாசிக்கிறோம், அளவு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். வயலினைக் கால் தாங்கும், சரி. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கால் குறைக்காதே! அரை அளவைப் புதிதாக வாங்காமல், மூத்த மாணவர்கள் யாராவது பெரிய அளவுக்கு மாறியிருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினேன். குதிரை தனியாகக் கிடக்கிறது. உடைந்துவிட்டதா?

உடையவில்லை. குதிரையை ஒட்டவே மாட்டார்கள், தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் எஃப் வடிவத் துளைகளின் உள் வெட்டுகளுக்கு நேராக அதை நிறுத்த வேண்டும். ஆனால் அதற்கு முன் வயலினை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே குச்சி உருண்டால் சவுண்ட் போஸ்ட், அதாவது மேல் பலகையை உள்ளிருந்து தாங்கும் குச்சி, விழுந்திருக்கிறது. அப்போது தந்தியை முறுக்கவே கூடாது, மேல் பலகை அமுங்கிவிடும். நேராக ரிப்பேர்காரரிடம் போங்கள்.

தாத்தாவின் வயலினுக்குள் "ஸ்ட்ராடிவாரியஸ்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. கோடிக்கணக்கில் போகுமா?

அநேகமாகப் போகாது தம்பி. இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்துவந்த ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். அவருடைய மாதிரியைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மனியிலும் மற்ற இடங்களிலும் ஏராளமாகச் செய்து, அதே சீட்டை ஒட்டி விற்றார்கள். ஆனாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பழைய ஜெர்மன் வயலின்களில் பல, இன்றைய மலிவு வயலினைவிட நன்றாகப் பேசும். ஓரமெல்லாம் விரல் முட்டியால் தட்டுங்கள். எங்காவது கரகரவென்று கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது, அதை ஒட்டிக்கொள்ளலாம். சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் விரிசல் இருந்தால்தான் செலவு பெரிது.

1 கட்டைக்குச் சுருதி சேர்த்தால் தந்தி தொளதொளவென்று ஆகிறது. வயலின் மட்டமா சார்?

சார் இல்லை, டீச்சர்தான். வயலின் மேல் தப்பில்லை. கட்டை என்பது சுருதியின் உயரம்; 1 கட்டை என்றால் மேற்கத்திய சி, 5 கட்டை என்றால் ஜி. இந்தத் தந்திகள் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்க்கச் செய்தவை. 5 கட்டையில் ஸ-ப-ஸ-ப சேர்த்தால் ஜி, டி, ஜி, டி. மேல் தந்திகள் இரண்டும் ஒரு ஸ்வரம் அளவுக்குத்தான் இறங்கும். 1 கட்டைக்கு நான்குமே வெகுவாக இறங்குகின்றன. கனமான தந்தி போட்டுப் பாருங்கள். சிறு பிள்ளை என்றால் 5 கட்டையிலேயே கற்கட்டும், குரலுக்கும் அது ஒத்துவரும்.