உறையாத கொய்யா ஜெல்லியும் இறுகிப்போன பிளம்ஸ் ஜாமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கொய்யா மரம் இந்த ஆண்டு கிளை தாழக் காய்த்தது. நன்றாகக் கனிந்து குழைந்த பழங்களாகப் பார்த்துப் பறித்து, வேகவைத்துப் பிழிந்த சாற்றுக்குச் சம அளவு சர்க்கரை சேர்த்து, ஒன்றரை மணி நேரம் காய்ச்சியும் ஜெல்லி உறையவில்லை; பாகாகவே நிற்கிறது. இன்னும் சர்க்கரை சேர்க்கலாமா? (வாசகி, பழனி)

பதில்: சர்க்கரை சேர்க்க வேண்டாம். ஜெல்லியை உறைய வைப்பது பழத்தின் சதையிலும் தோலிலும் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருள். அது தன் வேலையைச் செய்யச் சர்க்கரையோடு புளிப்பும் தேவை. காய் முற்றிப் பழுக்கத் தொடங்கும் பருவத்தில் நிறைந்திருக்கும் பெக்டின், பழம் கனியக் கனியச் சிதைந்துவிடுகிறது, புளிப்பும் குறைந்துவிடுகிறது. ஆகவே சாப்பிடுவதற்கு மிகச் சிறந்த பழம் ஜெல்லிக்குச் சிறந்த பழம் அன்று. நம் ஊரில் செங்காய் என்கிறோமே, பச்சை மாறி மஞ்சள் ஓடத் தொடங்கிய, கடித்தால் நறுக்கென்று இருக்கும் காய், அதுதான் வேண்டும். முக்கால் பங்கு செங்காயும், மணத்துக்காகக் கால் பங்கு கனிந்த பழமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோலையும் விதையையும் நீக்காமல் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, ஒரு கிலோவுக்கு ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு விட்டு, அரை மணி நேரம் மெதுவாக வேகவிடுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, இரவு முழுவதும் தானாகச் சொட்டவிடுங்கள். துணியைப் பிழிந்தால் சாறு கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜெல்லி கலங்கிவிடும். கண்ணாடிபோன்ற தெளிவுதானே ஜெல்லிக்கு அழகு!

வடிந்த சாறு ஒரு கோப்பைக்கு முக்கால் கோப்பைச் சர்க்கரை போதும். ஒரே நேரத்தில் நான்கு கோப்பைக்கு மேல் காய்ச்சாமல், அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில், சர்க்கரை கரைந்ததும் தீயை நன்றாகக் கூட்டி விரைவாகக் கொதிக்கவிடுங்கள். புளிப்புள்ள சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தால் இருக்கிற பெக்டினும் சிதையும் என்பதால், உங்கள் ஒன்றரை மணி நேரமும் கெடுதலாகவே முடிந்திருக்கிறது. வெளிறிய சாறு மெல்ல மெல்லச் செம்பொன் நிறத்துக்கு மாறும்போது, கரண்டியை முக்கி எடுத்துச் சற்று ஆறவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். முதலில் சொட்டுச் சொட்டாக விழுவது, பதம் நெருங்கியதும் விளிம்பில் இரண்டு சொட்டாகத் தயங்கி, பின் ஒன்றுகூடித் தகடுபோல நழுவி விழும். அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

உறையாத பாகைக் கொட்டிவிடாதீர்கள். ஆயக்குடி உங்களுக்குப் பக்கம்தான். அங்கிருந்து செங்காய் வாங்கி, மேற்சொன்னபடி சாறு வடித்து, பாகில் கலந்து, சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சிறு சிறு அளவாக மறுபடி கொதிக்கவைத்தால் பெரும்பாலும் உறைந்துவிடும்.

கேள்வி: வெப்பமானி வைத்து, குறிப்பில் உள்ளபடி 105 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சியும், எங்கள் பிளம்ஸ் ஜாம் மிட்டாய்போல இறுகிவிடுகிறது. ஏன்? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: அந்தக் குறிப்பு சமவெளிக்காக எழுதப்பட்டது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஊரில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நான்கரை டிகிரி அளவு. எனவே உங்களுக்கு 97, 98 டிகிரியே போதும். ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதே வெப்பமானியில் அளந்து, அதிலிருந்து கணக்கிடுங்கள். பிளம்ஸின் தோலை உரித்துவிடாதீர்கள். நிறம், புளிப்பு, பெக்டின் எல்லாம் தோலை ஒட்டியே இருக்கின்றன.

கேள்வி: சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்த விளாம்பழ ஜாமில் இரண்டு வாரத்தில் பூசணம் பூத்துவிட்டது. மேலே வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிடலாமா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: சாப்பிட வேண்டாம். பூசணத்தின் இழைகளும் அது உண்டாக்கும் நச்சும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கலாம், பாட்டிலோடு அப்புறப்படுத்துங்கள். ஜாமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அன்று, கெடாமல் காப்பதற்காகவும் சேர்க்கப்படுகிறது. குறைத்துத்தான் செய்ய வேண்டுமானால், ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் செய்து, கொதிநீரில் போட்டெடுத்து ஈரமில்லாமல் உலர்த்திய பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுக்கும் கரண்டியிலும் ஈரம் இருக்கக் கூடாது.