ஒரே ஒரு குவாட்டர்பேக் அடிபட்டால் அணியின் எதிர்காலமே மாறுமா?

கேள்வி: "அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்குக் களத்தில் பதினோரு பேர் ஆடுகிறார்கள். அதில் குவாட்டர்பேக் ஒருத்தர் அடிபட்டால் அணியே போச்சு என்று அமெரிக்கர்கள் புலம்புவது ஓவராக இல்லையா? பெஞ்சில் இன்னொருத்தர் இருப்பாரே?"

இருப்பார். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேட்டவர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். ஓப்பனர் விரலை உடைத்துக்கொண்டால் அடுத்தவர் வந்து அதே பிட்சில் மட்டையைச் சுழற்றுவார், மற்ற பத்துப் பேரின் வேலை மாறாது. குவாட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி வீசித் தாக்குதலை நடத்துகிறவர், விஷயம் வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு பிளேயிலும் (பந்தை முன்னே கொண்டுபோகும் ஒவ்வொரு முயற்சியிலும்) பந்து முதலில் அவர் கைக்குத்தான் வருகிறது. மற்ற பத்துப் பேரின் காலடிக் கணக்கும் அவர் குரலை வைத்துத்தான்.

பேக்கப், அதாவது பெஞ்சில் இருக்கும் அந்த மாற்று ஆள், வாரம் முழுக்க என்ன செய்கிறார் என்று பாருங்கள். புதன், வியாழன் பயிற்சியில் முதல் அணியோடு பந்து வீசும் வாய்ப்பில் பெரும்பகுதி ஸ்டார்ட்டருக்கே (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஆளுக்கே) போய்விடும். பேக்கப்போ வரப்போகும் எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி நடித்து, தன் அணியின் டிஃபென்ஸுக்குப் பழக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆக ஞாயிற்றுக்கிழமை திடீரென்று உள்ளே போகிறவர், அந்த வாரத் திட்டத்தில் பாதியை ஒருமுறைகூட வீசிப் பார்த்திருக்க மாட்டார். "ஹட்" என்று பிளேயைத் தொடங்க அவர் குரல் கொடுக்கும் இழுப்பு வேறாக இருக்கும். முன்வரிசையில் நின்று அவரைக் காக்கும் லைன்மேன் ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் முந்தி அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்ற தவறு, தண்டனையாக 5 யார்டு பின்னால். வீச்சைப் பிடிக்கும் ரிசீவர் ஓடித் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். திரும்பிவிட்டாரா என்று பார்த்துவிட்டு வீசினால் அந்தப் பந்து எதிராளிக்குத்தான். புதியவர் இடக்கைக்காரர் என்றால் பந்தின் சுழற்சியே எதிர்ப்பக்கம், முதுகைக் காக்கும் பொறுப்பும் அந்த முன்வரிசையின் இடது ஓரத்து டாக்கிளிடமிருந்து வலது டாக்கிளுக்கு மாறிவிடும்.

ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சியாளரின் குரல் அதில் வரும், ஆனால் அடுத்த பிளேயைத் தொடங்கத் தரும் நேரத்தை எண்ணும் பிளே கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்கப்புறம் எதிரே நிற்கிறவர்களைப் படித்து பிளேயை மாற்றுவது முழுக்க அவர் தலையில். புதியவரால் அதைத் தாங்க முடியாது என்று பயிற்சியாளர் திட்டத்தைச் சுருக்குவார்: ஓட்டம் கூடும், குட்டை வீச்சு கூடும். ஒன்றிரண்டு ஆட்டம் ஓடும். பிறகு எதிரணிகள் வீடியோ பார்த்து, பின்னால் காவல் நிற்கும் சேஃப்டியை முன்னால் இழுத்து ஓட்டத்தை அடைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் ஒரு சீசன் கதை. எதிர்காலம் மாறுவது சம்பளக் கணக்கிலும் டிராஃப்டிலும்தான். டிராஃப்ட் என்றால் ஆண்டுதோறும் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி, சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது; மோசமாக ஆடிய அணிக்கு முன் இடம், அந்த இடங்களை அணிகள் விற்கலாம், வாங்கலாம். அதற்குச் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2021 மார்ச்சில் அவர்கள் டிராஃப்டில் தங்கள் 12-ஆம் இடத்தோடு 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் மயாமிக்குக் கொடுத்து 3-ஆம் இடத்துக்கு ஏறினார்கள். எடுத்தது குவாட்டர்பேக் டிரே லான்ஸை. 2022-இல் அவர்தான் ஸ்டார்ட்டர். பழைய ஸ்டார்ட்டர் ஜிம்மி கரோப்போலோவைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். ஆனால் அந்த மார்ச்சில் அவருக்கு வீசும் தோளில் அறுவை சிகிச்சை, வாங்க ஆள் வரவில்லை. சம்பளத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார்கள். அந்தத் தோள் நன்றாக இருந்திருந்தால் அவர் அப்போதே வேறு ஊரில் இருந்திருப்பார்.

செப்டம்பர் 18, சீசனின் இரண்டாவது ஆட்டம், லான்ஸின் வலது கணுக்கால் உடைந்தது. கரோப்போலோ வந்தார். டிசம்பர் 4, அவருடைய இடது பாதம். அடுத்து வந்தது பிராக் பர்டி, அந்த ஆண்டு டிராஃப்டில் 262-ஆவது, அதாவது கடைசி ஆள். கடைசி ஆளுக்கு "மிஸ்டர் இர்ரெலவன்ட்" என்று கேலிப் பட்டமே உண்டு. அவர் மீதி லீக் ஆட்டங்கள் அத்தனையும் ஜெயித்தார், பிளேஆஃப்பில் இரண்டும் ஜெயித்தார். 2023 ஜனவரி 29, ஃபிலடெல்ஃபியாவில் ஹாசன் ரெடிக் அவர் வீசும் கையில் மோதியதில் முழங்கை லிகமென்ட் கிழிந்தது. நான்காமவர் ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு ஆளில்லாமல் பர்டியே வீச முடியாத கையோடு திரும்பி வந்து நின்றார். 31-7 தோல்வி. அடுத்த சீசனிலிருந்து, இரண்டு குவாட்டர்பேக்கும் அடிபட்டால் மூன்றாமவரை இறக்கலாம் என்ற விதியை லீக் திரும்பக் கொண்டுவந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று முதல் சுற்று கொடுத்து வாங்கிய லான்ஸ் 2023 ஆகஸ்டில் ஒரே ஒரு நான்காம் சுற்றுக்கு டல்லாஸ் போனார். கணுக்கால் ஆறிவிட்டது, ஆனால் இளம் குவாட்டர்பேக்குக்கு வேண்டியது ஆட்ட நேரம், அது திரும்ப வராது. பர்டிக்கோ 2023-இல் சம்பளம் 8.7 லட்சம் டாலர். அணியின் மொத்தச் சம்பள வரம்பு அந்த ஆண்டு 22.48 கோடி டாலர். டிராஃப்டில் வந்தவரின் ஒப்பந்தத்தை மூன்று சீசன் முடியாமல் திருத்தக்கூடாது என்பது விதி, எனவே அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் சம்பளம் ஏறாது. மிச்சப்பட்ட இடத்தில் டிஃபென்ஸ் வீரர் ஜாவோன் ஹார்கிரேவுக்கு நான்கு ஆண்டுக்கு 8.4 கோடி கொடுக்க முடிந்தது. அந்த அணி 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போய், கூடுதல் நேரத்தில் கான்சஸ் சிட்டியிடம் தோற்றது. 2025 மே மாதம் பர்டிக்கு ஐந்து ஆண்டு, 26.5 கோடி. அதற்கு இடம் வேண்டுமே! இரண்டு மாதம் முன்பே ரிசீவர் டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்குப் போயாயிற்று, ஹார்கிரேவை விடுவித்தாயிற்று. ஒரு கணுக்கால், ஒரு பாதம். மலிவுக் காலம் வந்ததும் போனதும் அவற்றால்தான்.

"2001-இல் ஸ்டார்ட்டர் ட்ரூ பிளெட்சோ அடிபட்டுத்தானே பேக்கப்பாக இருந்த டாம் பிராடி வந்து ஜாம்பவான் ஆனார், அதைச் சொல்லவில்லையே" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே பேக்கப் என்றால் பரிசு விழுந்த லாட்டரிச் சீட்டு என்று ஆக்கிவிட்டார்கள். அதைவிட இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸைப் படியுங்கள். 2011 முழுக்க அவர்களின் நட்சத்திரக் குவாட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் கழுத்து அறுவை சிகிச்சையால் ஆடவில்லை. 2 வெற்றி, 14 தோல்வி. கடைசி இடம் என்பதால் டிராஃப்டில் முதல் இடம், இளம் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் கிடைத்தார். மேனிங்குக்கு 2.8 கோடி டாலர் போனஸ் தரவேண்டிய நாள் வருமுன் அவரை விடுவித்தார்கள். அவர் டென்வர் போய்ச் சூப்பர் பவுல் ஜெயித்தார். லக்குக்கோ தோள் போனது, 2017 முழுக்க ஆடவில்லை, 2019 ஆகஸ்டில் 29 வயதிலேயே ஓய்வு. சீசன் தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த ஆண்டிலிருந்து 2023 வரை ஐந்து சீசன்களின் முதல் ஆட்டத்தில் ஐந்து வெவ்வேறு குவாட்டர்பேக். சுமாரான பேக்கப் இருந்து 2011-இல் ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தால் லக் வந்திருக்கவே மாட்டார்.

அடிபடாத ஆளையே காயத்துக்குப் பயந்து உட்கார வைப்பதும் உண்டு. 2022 கடைசியில் ரெய்டர்ஸ் அணி, தன் குவாட்டர்பேக் டெரெக் கார்ரை இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது ஓரங்கட்டியது. அடிபட்டு உடல் தகுதி இழந்தால் அடுத்த ஆண்டுகளின் 4.04 கோடி டாலர் உத்தரவாதம் ஆகிவிடும் என்பது ஒப்பந்தம். ரசிகர்கள் ஃபார்ம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023-இல் ஜெட்ஸ் அணிக்காகக் குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் ஆடிய நான்காவது பிளேயிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது, மெட்லைஃப் மைதானத்தின் செயற்கைத் தரையில். தரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் இயற்கைப் புல் வேண்டும் என்று வீரர்கள் சங்கம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 2026 கால்பந்து (சாக்கர்) உலகக் கோப்பைக்கு ஃபிஃபா கேட்டதும் அதே மைதானத்தில் புல் போட ஒத்துக்கொண்டார்கள். விருந்தாளிக்கு இலை போடுகிறார்கள், வீட்டுப் பிள்ளைக்குத் தட்டு.

உங்கள் அணியின் ஆள் அடிபட்டிருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். முழங்காலில் ஏசிஎல் என்ற லிகமென்ட் கிழிந்தால் ஏறத்தாழ ஒன்பது மாதம். 2017 டிசம்பர் 10-இல் அது கிழிந்த குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அடுத்த சீசனின் மூன்றாவது வாரத்தில்தான் வந்தார். பிறகு ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பாருங்கள். கடைசியாக, அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு இன்னும் உங்கள் அணியிடம்தான் இருக்கிறதா? ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தால், நீங்கள் தோற்கும் ஒவ்வொரு ஆட்டமும் வேறொரு அணிக்குத்தான் லாபம்.