குடியை நிறுத்த கவுன்சலிங் உதவுமா? கேளுங்க, சொல்றேன்

சிங்கப்பூர்ல குடிப்பழக்கத்துல மாட்டினவங்களுக்கு கவுன்சலிங் குடுக்கறதுதான் என் வேலை. கேள்விக்கு முன்னாடி ஒண்ணு: தினமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரலாம், உயிரே போகலாம், முதல்ல டாக்டர்.

தேக்காவாசி: உக்காந்து பேசினா குடி போயிடுமா?

வெறும் பேச்சு இல்லங்க. சிபிடின்னு நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற சிகிச்சை இருக்கு, அதுல எப்ப, யார்கூட, என்ன மனசோட இருக்கும்போது கை பாட்டிலுக்குப் போகுதுன்னு எழுத வைப்போம். சம்பளத்தன்னிக்கு காப்பிக்கடைல கூட்டாளி "ஒண்ணே ஒண்ணு"ன்னு ஊத்தும்போது என்ன சொல்லணும்னு வாய்விட்டுச் சொல்லிப் பழக வைப்போம். எந்த தெரபி பெஸ்ட்னு அலையாதீங்க. அமெரிக்கால புராஜெக்ட் மேட்ச்னு 1,726 பேரை வச்சு மூணு முறையை ஒப்பிட்டு 1997ல முடிவு வெளியிட்டாங்க. மூணுலயும் குடி நல்லா குறைஞ்சுது, 4 தடவை மட்டும் உக்கார்ற முறையும் 12 தடவை உக்கார்ற முறைக்கு பெருசா பின்தங்கல.

யீஷூன் அக்கா: வீட்டுக்காரர் வரவே மாட்டேங்கறாரு தம்பி.

அக்கா, நீங்க மட்டும் வாங்க. கிராஃப்ட்னு குடும்பத்துக்குன்னே ஒரு முறை இருக்கு. போதைல இருக்கும்போது சண்டை வேணாம், நிதானமா இருக்கற நேரத்துல நல்லா பேசுங்க, மறுநாள் அவருக்காக வேலையிடத்துக்கு போன் போட்டு பொய் சொல்லாதீங்க. 1999ல வந்த ஒரு ஆய்வுல இப்படிப் பழகின குடும்பங்கள்ல 64% பேர் குடிக்கறவரை சிகிச்சைக்குக் கொண்டு வந்தாங்க, அல்-அனான்னு குடிக்கறவங்க குடும்பத்தார் கூடிப் பேசற குழு பக்கம் போனவங்கள்ல 13%தான். அவர் கை நீட்டினா மட்டும் இதெல்லாம் அப்புறம், உங்க பாதுகாப்பு முதல்ல.

ஜூரோங் ராஜா: நால்ட்ரெக்சோன் எத்தனை மில்லிகிராம்?

அது குடி ஆசையைக் குறைக்கற மாத்திரை, அளவை டாக்டர்கிட்ட கேளுங்க.

உண்மைவிளம்பி: ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கறவங்க கூடிப் பேசற குழு) வெறும் சாமி கூட்டம், ஆதாரமே கிடையாது.

இருக்கு. 2020ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கற அமைப்பு 27 ஆய்வை, 10,565 பேரை அலசினாங்க. முறையா ஏஏ பக்கம் கொண்டு போனவங்கள்ல ஒரு வருஷத்துல சுத்தமா விட்டவங்க 42%, சிபிடி மாதிரி மத்த சிகிச்சைல 35%. சாமி பிடிக்கலன்னா சிபிடிக்கு வாங்க, யாரும் தடுக்கல.

உண்மைவிளம்பி: அப்ப 58% ஃபெயில்தானே? மனவுறுதி இருந்தா போதும்.

இல்லவே இல்ல. அந்தக் கணக்கு ஒரு சொட்டுகூட தொடாதவங்களை மட்டும் எண்ணுது, தினம் குடிச்சவர் மாசம் ஒருதடவைன்னு குறைச்சிருந்தா அவர் அதுல வரவே மாட்டார், ஆனா அவர் பிள்ளைங்களைக் கேளுங்க வித்தியாசம் என்னன்னு. மனவுறுதி இல்லாதவன்னு ஊர் சொல்ற அந்த வெட்கத்துலதான் பல பேர் வருஷக்கணக்கா ஒளிஞ்சு குடிச்சிட்டு கடைசில ஈரல் கெட்டப்புறம் வர்றாங்க. தயவுசெஞ்சு இத சொல்றத நிறுத்துங்க.

பிடோக் மணி: நாளைலேர்ந்து ஒரேயடியா நிறுத்தப் போறேன்.

மேலயே எழுதியிருக்கேனே. காலைல கை நடுங்குதா? அப்ப நிறுத்தறதுக்கு முன்னாடி போலிகிளினிக் போங்க. ஃபிட்ஸோ, இல்லாதது கண்ணுக்குத் தெரியறதோ வந்தா உடனே 995க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

செங்காங் மலர்: அண்ணனுக்குத் தெரியாம சாப்பாட்டுல மாத்திரை கலக்கலாமா?

கூடவே கூடாது. டைசல்ஃபிராம்னு குடியை ஒத்துக்காம பண்ற மாத்திரை உள்ள இருக்கறப்ப அவர் குடிச்சா பிரஷர் விழுந்து உயிரே போகலாம்.

தேக்காவாசி: எங்க போறது?

புவாங்கோக்ல இருக்கற ஐஎம்எச் மனநல மருத்துவமனைல நாம்ஸ்னு இதுக்குன்னே பிரிவு இருக்கு. புக் பண்ணும்போதே தமிழ் பேசற கவுன்சலர் வேணும்னு கேட்டு வைங்க.