குயில் கூவுவது இசைதானா?

பறவைகள் உண்மையிலேயே பாடுகின்றனவா, அல்லது அவற்றின் ஒலியை நாம்தான் இசையாகக் கேட்கிறோமா என்ற கேள்விக்கு, இரண்டிலும் உண்மை உண்டு என்பதே என் விடை.

பறவையின் குரல் பிறப்பது நம்மைப் போல் மூச்சுக்குழலின் மேல்முனையில் அன்று. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள சிரிங்ஸ் என்னும் உறுப்பில். பாடும் பறவைகள் பலவற்றால் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்க முடிவதால், ஒரே பறவை ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும் விந்தையும் நிகழ்கிறது.

வட அமெரிக்காவின் ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவையின் பாடல்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவற்றின் சுரங்கள் ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளாக அமைந்திருப்பதைக் காட்டியது. தம்பூராவின் தந்தியை மீட்டும்போது உடன் ஒலிக்கும் மேற்சுரங்களும் இதே வரிசையில்தான் அமைகின்றன. எல்லாப் பறவைகளும் இப்படிப் பாடுவதில்லை.

குயில் ஏழு சுரங்களில் ஐந்தாவதான பஞ்சமத்தில் கூவும் என்பது நம் மரபு. ஆனால் ஆண்குயிலின் கூவல் ஒரு சுரத்தில் நிற்பதில்லை. அடுத்தடுத்த கூவல்களில் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே மரபின் கூற்றை அளவீடாகக் கொள்ளாமல் கவிநயமாகக் கொள்வதே பொருத்தம். பல பாடும் பறவைகள் குஞ்சுப் பருவத்தில் மூத்த பறவையைக் கேட்டே பாடலைக் கற்கின்றன. குயிலோ காக்கைக் கூட்டில் வளர்ந்தும் கரையாமல் கூவுகிறது, ஏனெனில் அதன் கூவல் பிறவியிலேயே அமைந்தது.